கோயில் வயலும் என் தம்பியின் ஓட்டும்

என் தம்பி ரோலண்ட் ஹெஸ்க் பதின்மூன்று வருடம் ஆல்டர்வேத் வட்டாரக் கவுன்சிலில் ஸ்கெல்பி ஊருக்கு உறுப்பினராக இருந்தான். பிழைப்புக்கு அவன் செய்தது கரி வண்டி ஓட்டுவது. எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்குக் குழாய் எரிவாயு வந்ததில்லை. கடல் கரையிலிருந்து மேட்டு நிலம் வரை வீடு வீடாகக் கரி மூட்டையும் எரிவாயு உருளையும் கொண்டுபோய் இறக்குவான். முன்வாசல் மணியை அவன் அடித்ததே கிடையாது. வட்டாரம் முழுவதையும் பின்வாசல் வழியாகப் பார்த்தவன்.

அவன் கவுன்சிலர் ஆனது தேர்தலில் ஜெயித்து அல்ல. முன்பு இருந்த உறுப்பினர் இறந்துபோனார், அந்த இடத்துக்கு நிற்க ஆள் இல்லை. ஊர்க் கவுன்சில் தலைவர் ஜெரால்ட் டாஸ்கர் எங்கள் அடுப்பங்கரையில் வந்து உட்கார்ந்துகொண்டு, "நீ நில்லுய்யா ரோலண்டு. ஒனக்குத் தெரியாத வீடு இங்க இல்ல" என்றார். எதிர்த்து யாரும் மனு கொடுக்காததால் ஓட்டுப்பதிவே நடக்கவில்லை. ஊரில் எல்லோரும் கைகுலுக்கினார்கள். ரோலண்டுக்கு மட்டும் அது உறுத்தலாகவே இருந்தது. "யாரும் எனக்கு ஓட்டுப் போடலக்கா. யாரும் வேண்டாம்னும் சொல்லல. அவ்வளவுதான்" என்பான். அடுத்த முறை போட்டி இருந்தது. அவன் ஜெயித்தான். அன்றுதான் சந்தோஷப்பட்டான்.

எங்கள் வட்டாரம் எழுபத்து நான்காம் வருடம் மூன்று பழைய கவுன்சில்களைச் சேர்த்து உண்டாக்கியது. மூன்று ஊரும் தன் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று சண்டை போட்டதால், ஆற்றைக் கடக்க எப்போதோ இருந்த ஒரு துறையின் பெயரை வைத்தார்கள். அந்தத் துறை எங்கே இருந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. குப்பை எடுப்பது, கட்டடத்துக்கு அனுமதி கொடுப்பது, குறைந்த வாடகை வீடுகள், பொதுக் கழிப்பறை, இடுகாட்டுப் புல் வெட்டுவது எல்லாம் வட்டாரத்தின் வேலை. சாலையும் பள்ளிக்கூடமும் மாவட்டக் கவுன்சிலைச் சேர்ந்தவை. இதை ரோலண்ட் ஆயிரம் முறை சொல்லியிருப்பான். யாரும் காதில் போட்டுக்கொண்டதில்லை.

"என் வாசல்ல பெரிய குழி கெடக்கு ரோலண்டு" என்பாள் கட்ஃபோர்த் கிழவி, அவன் மூட்டையைத் தோளில் சுமந்து நிற்கும்போதே.

"அது மாவட்டக் கவுன்சிலும்மா. எங்களது இல்ல."

"குழிக்கு அது தெரியுமா?"

மூட்டையை இறக்கிவிட்டு, அவளுக்காக மாவட்டக் கவுன்சிலுக்கு அவனே தொலைபேசியில் சொல்லுவான்.

பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவன். நானும் அப்படித்தான். கவுன்சிலிலிருந்து வரும் அறிக்கைகளை வரிக்குக் கீழே அளவுகோல் வைத்து, உதடு அசைய, கடைசிப் பக்கம் வரை படிப்பான். படிக்காமல் ஒரு கூட்டத்துக்கும் போனதில்லை. கட்டட அனுமதிக் குழுவில் அவனுக்கு இடம் கிடைத்த அன்று என் வீட்டுக்கு நடந்தே வந்து சொல்லிவிட்டுப் போனான். அந்த நாற்காலியில் அவனுக்கு எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும்.

இரண்டாயிரத்து மூன்றாம் வருடக் குளிர்காலத்தில் கோயில் வயல் விஷயம் வந்தது. எங்கள் ஊர் மெதடிஸ்ட் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் நிலம் அது. அங்கே பன்னிரண்டு வீடு கட்டி, உள்ளூர்க் குடும்பங்களுக்கே குறைந்த வாடகைக்கு விட ஒரு வீட்டு வசதிச் சங்கம் முன்வந்தது. ஊரில் விலைக்கு வந்த வீடுகளையெல்லாம் வெளியூர்க்காரர்கள் விடுமுறைக்கும் ஓய்வுக்கும் வாங்கிவிட்டார்கள். இங்கே பிறந்த பிள்ளைகள் கல்யாணம் ஆனதும் நகரத்துக்குப் போக வேண்டியிருந்தது. வேண்டாம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். மேட்டுத் தெருக்காரர்கள் வடிகால் தாங்காது என்றார்கள். அது வீம்புக்குச் சொன்னதல்ல. அந்த வருடம் மழையில் கோயில் சந்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. கவுன்சில் அதிகாரிகளும் அதையே எழுதி, அனுமதி கொடுக்க வேண்டாம் என்று பரிந்துரைத்தார்கள்.

குழுவில் இருப்பவர் கூட்டத்துக்கு முன்னால் தன் முடிவைச் சொல்லிவிடக் கூடாது. சொல்லிவிட்டால் கேட்காமலே தீர்ப்பு எழுதியவர் ஆகிவிடுவார், அவருடைய ஓட்டுக்கு ஆபத்து. அதனால் அந்தக் குளிர்காலம் முழுக்க ரோலண்ட் வாயைத் திறக்கவில்லை. யார் கேட்டாலும், "ரெண்டு பக்கமும் கேட்டுட்டுத்தான் சொல்லணும்" என்பான். ஊர் அவனை விடவில்லை. பப்புக்குள் அவன் நுழைந்ததும் அதை நடத்தும் டென்னிஸ் ஆரம்பித்துவிடுவான்.

"என்ன ரோலண்டு, பீர் வேணுமா வேண்டாமா? இல்ல, அதுக்கும் அதிகாரி அறிக்கை வரணுமா?"

"அரை பைண்ட் ஊத்து. அதுல மனசு மாற மாட்டேன்."

"பாருங்கய்யா, முடிவு சொல்லிட்டான். யாராவது எழுதி வைங்க."

எல்லோரும் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான்.

என் மகள் லோர்னாவும் அவள் கணவன் கீத்தும் இரண்டு பெண் குழந்தைகளும் அப்போது என் வீட்டுத் தோட்டத்தில் ஒரு கேரவனில் இருந்தார்கள். கீத்துக்குக் காய்கறி மூட்டை கட்டும் கொட்டகையில் வேலை. கேரவனின் சுவரில் ஈரம் கசியும். சின்னவளுக்கு இருமல் நின்றபாடில்லை. என் வீட்டில் இருப்பது இரண்டே அறை. குளிர் தாங்காத நாட்களில் குழந்தைகள் இரண்டும் என் கட்டிலில் படுக்கும்.

வீடு தேவைப்படும் குடும்பங்களின் பெயரைக் கேட்டு வீட்டு வசதிச் சங்கத்தார் ஊர்க் கூடத்துக்கு வந்தார்கள். லோர்னா போனாள். அந்த ஞாயிற்றுக்கிழமை ரோலண்ட் வழக்கம்போல் என் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தான். அவன் தட்டில் நான் இறைச்சியை வைத்துக்கொண்டிருந்தபோது லோர்னா சொன்னாள்.

"மாமா, நான் பேர் குடுத்துட்டேன்."

அவன் கத்தியைக் கீழே வைத்தான். "எப்போ?"

"வியாழக்கெழம. ஏன், குடுக்கக் கூடாதா? இன்னும் எத்தன குளிர்காலம் அதுக்குள்ள கெடக்கறது?"

"குடுக்க வேண்டியதுதாம்மா. நல்ல வேலை செஞ்சே" என்றான். உருளைக்கிழங்கு தட்டிலேயே ஆறிப்போனது.

மறுநாள் வண்டியை நிறுத்திவிட்டு, கரிக் கையைக் கழுவிக்கொண்டு, கவுன்சிலின் சட்ட அதிகாரி பார்ஜெட்டர் அம்மாளைப் போய்ப் பார்த்தான். விதியில் உறவு என்றால் யார் யார் என்று எழுதியிருக்கிறது. அக்கா மகளும் அதில் உண்டு. அந்த விஷயம் வரும்போது அவன் எழுந்து அறையை விட்டே போய்விட வேண்டும். ஓட்டும் இல்லை, ஒரு வார்த்தை பேசவும் கூடாது. லோர்னாவின் பெயருக்குப் பின்னால் இருப்பது கீத்தின் குடும்பப் பெயர், ஹெஸ்க் அல்ல.

"நீங்க வந்து சொல்லலேன்னா எங்க யாருக்கும் தெரிஞ்சிருக்காது மிஸ்டர் ஹெஸ்க்" என்று அந்த அம்மாள் சொன்னாராம்.

"அதனாலதாங்க வந்தேன்" என்றானாம் இவன்.

செய்தி ஊரில் பரவ ஒரு நாள் ஆகவில்லை. ஜெரால்ட் டாஸ்கர் நேராக என் வீட்டுக்கு வந்தார். ரோலண்டும் லோர்னாவும் இருந்தார்கள். அவர் உட்காரவே இல்லை.

"டோரீன், நீ சொல்லு இவனுக்கு. குழுவுல பாதிப் பேரு நம்ம பக்கம், பாதிப் பேரு அந்தப் பக்கம். இவன் ஓட்டுதான் மிச்சம். லோர்னா பேர மட்டும் எடுத்துடட்டும். கூட்டம் முடியட்டும். அப்புறம் மறுபடி சேத்துக்கலாம். அதுல என்ன தப்பு?"

நான் பேசுவதற்கு முன் லோர்னா பேசினாள். "நான் எடுத்துடறேன் மாமா. மறுபடி சேக்கவும் வேண்டாம். பன்னெண்டு குடும்பமாவது ஊர்ல இருக்கட்டும்."

ரோலண்ட் அவளைப் பார்த்தான். "பேர எடுத்துட்டா ஒனக்கு வீடு வேண்டாம்னு ஆயிடுமா?"

அவள் ஜன்னல் வழியாகக் கேரவனைப் பார்த்தாள்.

"கேக்கறேன், சொல்லும்மா. வேண்டாமா?"

"வேணும்" என்றாள்.

"அப்போ காகிதத்துலதான் பேர் இல்ல. எனக்குத் தெரியும், ஒனக்குத் தெரியும், இவருக்குத் தெரியும். நான் எழுந்துதான் போகணும். பேர் இருந்தாலும் அப்படித்தான், இல்லாட்டியும் அப்படித்தான்."

"உன் மனசு சுத்தமா இருக்கணும்னு ஊர்ப் பிள்ளைங்க ஈரத்துல படுக்கணுமாய்யா?" என்றார் ஜெரால்ட்.

ரோலண்டின் காது மடல் சிவந்தது. சிறு வயதிலிருந்தே, அடி வாங்கினால்கூட அழாமல், காது மட்டும்தான் அப்படிச் சிவக்கும். ஜெரால்ட் போன பிறகும் அவன் நின்ற இடத்திலேயே நின்றான். லோர்னா கதவைச் சாத்திக்கொண்டு கேரவனுக்குப் போய்விட்டாள். அன்று நான் தாயாகவும் இருந்தேன், அக்காவாகவும் இருந்தேன். இரண்டும் ஒரே பக்கம் இழுக்கவில்லை.

கூட்டத்துக்கு லோர்னாவும் நானும் போனோம். ஆல்டர்வேத் கவுன்சில் கட்டடம் அந்தக் காலத்தில் கதியற்றவர்களை வைத்து வேலை வாங்கிய விடுதி. மாடியில் உள்ள நீண்ட அறையில் குழு கூடும். சுவர் ஓரமாகப் பொதுமக்களுக்கு நாற்காலிகள். கோயில் வயல் என்று குழுத் தலைவர் படித்ததும் ரோலண்ட் எழுந்து நின்றான்.

"தலைவர் அவர்களே, இந்த வீடுகள்ல ஒண்ணு என் அக்கா மகளுக்குக் கிடைக்கலாம். அவ பேர் குடுத்திருக்கா. நான் வெளியே போறேன்."

நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவிட்டு, எங்கள் பக்கம் பார்க்காமல் நடந்து போனான். பேச்செல்லாம் முடிந்து கை தூக்கச் சொன்னார்கள். ஆறுக்கு ஆறு. சமமாக வந்தால் தலைவருக்கு இன்னொரு ஓட்டு உண்டு. அதிகாரிகள் வேண்டாம் என்று எழுதியிருக்கும்போது தான் மாற்றிப் போட முடியாது என்று அவர் வருத்தத்தோடுதான் சொன்னார். கோயில் வயல் போயிற்று.

நடைவழியில் அறிவிப்புப் பலகைக்கு முன்னால் ரோலண்ட் நின்றிருந்தான்.

"எப்படி?" என்றான்.

"சமம். தலைவர் வேண்டாம்னுட்டார்" என்றேன்.

"சரி" என்றான். தொப்பியைத் தலையில் வைத்து, எடுத்து, மறுபடி வைத்தான். கடலோரச் சாலையில் அவனுடைய வேனில்தான் வீடு திரும்பினோம். லோர்னா பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகு ஊர் அவனைத் திட்டவில்லை. பப்பில் டென்னிஸ் கேலி செய்வதை நிறுத்திவிட்டான். கேட்டதை ஊற்றிக் கொடுத்துவிட்டு, துணியை எடுத்துக்கொண்டு மறுகோடிக்குப் போய்விடுவான். இரண்டு மூன்று வீட்டுக்காரர்கள் வேறு ஆளிடம் கரி வாங்க ஆரம்பித்தார்கள். கட்ஃபோர்த் கிழவிகூடக் குழியைப் பற்றி அவனிடம் பேசுவதில்லை. என் மகள் அவனுக்குத் தேநீர் கொடுப்பாள், ஆனால் கூட உட்கார மாட்டாள். கீத் பீட்டர்பரோவில் வேலை தேட ஆரம்பித்தான். அங்கே கிடங்கு வேலையும், மாடிக் குடியிருப்பில் இரண்டு அறையும் கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அடுத்த குளிர்காலத்தை இங்கே கழிப்பதில்லை என்று இருவரும் முடிவு செய்துவிட்டார்கள்.

கோடையில் ஒரு செய்தி வந்தது. வீட்டு வசதிச் சங்கம் வடிகாலைப் புதிதாக வரைந்து, இலையுதிர் காலத்தில் மறுபடி மனு போடப் போகிறது. நான் தோட்டத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். ரோலண்ட் வேலியைத் திறந்துகொண்டு வந்தான்.

"அக்கா, நான் கவுன்சிலிலேர்ந்து வெலகப் போறேன்."

"ஊர் பேசறதுக்குப் பயந்தா?"

"ஊர் பேசட்டும். நான் அங்க இருக்கற வரைக்கும் கோயில் வயலுக்கு அந்த நாற்காலி காலிதானே? வேற யாராவது உக்காந்தா அவங்க கை தூக்கலாம். அப்புறம், நான் கவுன்சிலரா இருந்தா வாய தொறக்கக் கூடாது. ஊர்க்காரனாப் போனா மூணு நிமிஷம் பேசலாம். யாரு வேணும்னாலும் பேசலாம், நான் மட்டும்தான் பேசக் கூடாது. வெலகிட்டா நானும் யாரோ ஒருத்தன்தான்."

"அங்க உக்காரப் போறவங்க எதிரா தூக்கினா?"

"தூக்கலாம். அது அவங்க இஷ்டம்."

"நீ பேசினா அவங்க மனசு மாறுமா?"

"தெரியாதுக்கா. நான் நல்லாப் பேசறவன் இல்ல."

கையில் இருந்த போர்வையின் ஒரு முனையை அவன் பிடித்துக்கொண்டான், மறுமுனையை நான். இருவருமாக அதைக் கொடியில் போட்டோம். பதின்மூன்று வருடத்தை அவன் விட்டதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

அவன் இடத்துக்கு நடந்த தேர்தலில் மேட்டுத் தெருக்காரர் ஒருவர் ஜெயித்தார். ஊர் அதற்கும் அவனைத்தான் குறை சொன்னது. ஆனால் குழுவில் அவன் நாற்காலிக்குக் கவுன்சில் அனுப்பியவர் அவர் அல்ல. வட்டாரத்தின் மறுகோடியில், மேட்டு நிலத்தில் ஆடு வளர்க்கும் ஹெட்லி என்ற பெண் உறுப்பினர். ஸ்கெல்பி பக்கமே வந்தறியாதவர். எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியாது.

இரண்டாவது கூட்டத்துக்கு மூவரும் சேர்ந்து போனோம். வரச் சொல்லி நான் லோர்னாவைக் கேட்கவில்லை. அவளாகவே வந்து வேனில் ஏறிக்கொண்டாள். சுவர் ஓர நாற்காலியில் ரோலண்ட் எங்களுக்கு நடுவில் உட்கார்ந்தான். அவனுடைய பழைய இடத்தில் ஹெட்லி அம்மாள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் போய் நின்றான்.

"என் பேர் ரோலண்ட் ஹெஸ்க். நான் ஸ்கெல்பிக்காரன். இந்த வீடுகளுக்குப் பேர் குடுத்திருக்கற லோர்னா ப்ளேட்ஸ் என் அக்கா மக. அவளுக்கு ஒரு வீடு கிடைக்கணும்னு எனக்கு ஆசை. நான் சொல்றத நீங்க கேக்கறப்போ இது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். அவ என் தோளில வளந்தவ. அதனால நான் நடுநிலையா பேசறேன்னு நீங்க நெனச்சுக்கக் கூடாது." இப்படியே இன்னும் கொஞ்சம் சொன்னான். மேட்டுத் தெருக்காரர்கள் சொன்ன தண்ணீர்ப் பயம் நியாயமானது என்றான், கோயில் சந்துத் தண்ணீரில் தன் வண்டியே சிக்கிக்கொண்டதைச் சொன்னான். பிறகு குழுவைப் பார்த்துச் சொன்னான். "போன வருஷம் நாலு குடும்பம் எங்க ஊரை விட்டுப் போச்சு. சாமான ஏத்த என் கரி வண்டியத்தான் கேட்டாங்க. நான்தான் ஏத்திவிட்டேன். இந்த மாசம் என் அக்கா மகளும் வண்டி கேட்டிருக்கா. நான் எப்படி..."

நேரம் முடிந்ததென்று மணி அடித்தது. முடிக்காமல் அப்படியே நிறுத்திக்கொண்டு, தலைவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தான்.

கை தூக்கச் சொன்னபோது முதலில் ஆறு கைகள்தான் எழுந்தன. அதே ஆறு பேர். ஹெட்லி அம்மாள் அறிக்கையின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, புது வடிகால் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்தர் எண்ணத் தொடங்கிய பிறகு மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒருமுறை எங்கள் பக்கம் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கினார். ஏழு.

லோர்னா அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். வெளியே வந்ததும் சொன்னாள்.

"மூணு நிமிஷத்துல ரெண்டு நிமிஷம் நான் உங்க அக்கா மகள்னு சொல்றதுக்கே போயிடுச்சு மாமா."

"அது தெரியாம மிச்சத்த அவங்க எப்படிக் கேக்கறது?"

"வண்டி வேண்டாம்" என்றாள்.

"எது?"

"சாமான் ஏத்தக் கேட்டேனே, அந்த வண்டி. வேண்டாம். இன்னொரு குளிர்காலம்தானே, இருந்துக்கறோம்."

அவன் தலையை ஆட்டினான். நடைவழியின் கோடியில் உறுப்பினர்கள் தேநீர் குடிக்கும் அறைக் கதவு திறந்திருந்தது. பழக்கத்தில் அந்தப் பக்கம் இரண்டடி வைத்துவிட்டான். உள்ளே யாரோ, "வா ரோலண்டு" என்றார்கள். "இல்லைங்க, எங்க ஆளுங்க நிக்கறாங்க" என்று திரும்பி வந்தான்.

வீடுகள் கட்டி முடிய இரண்டு கோடை ஆயிற்று. யாருக்கு எது என்பதை வட்டாரக் கவுன்சிலின் வீட்டுப் பிரிவு முடிவு செய்தது. லோர்னாவுக்குக் கோடி வீடு கிடைத்தது. திறப்பு விழாவுக்குப் புதிய கவுன்சிலர் வந்தார். வீடுகள் வேண்டாம் என்று சொல்லித் தேர்தலில் நின்று ஜெயித்த அவரே ரிப்பன் வெட்டினார், படமும் எடுத்தார்கள். அந்தப் படத்தில் ரோலண்ட் இல்லை. அன்று அவனுக்குக் கடல் கரைப் பக்கம் கரி இறக்கும் நாள்.

அவன் மறுபடி தேர்தலுக்கு நிற்கவில்லை. ஜெரால்ட் டாஸ்கர் இரண்டு முறை வந்து கேட்டார். இரண்டாம் முறை வந்தபோது தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். "அக்கா மக அந்தச் சங்கத்து வீட்டுல இருக்கா. வீட்டு விஷயம் ஒவ்வொண்ணுக்கும் நான் எழுந்து போய்க்கிட்டே இருக்கணும். எழுந்து போறதுக்கு எதுக்கு ஒரு ஆளு?" என்று சொல்லி அனுப்பிவிட்டான்.

ஆனால் குழு கூடும் புதன்கிழமைகளில் அவன் வேலைக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் கிளம்புவான். ஒருமுறை அந்த நேரத்தில் அவன் வீட்டுக்குப் போனேன். சவரம் செய்து, தலை வாரி, கூட்டத்துக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு மேஜைக்கு முன் உட்கார்ந்திருந்தான். மேஜையில் ஒன்றும் இல்லை.

"எங்கடா கெளம்பிட்ட?"

"எங்கயும் இல்லக்கா" என்றான். பிறகு எழுந்து, வெள்ளைச் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, வேலைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தான்.